பாய் விரித்த இடம்

மூன்றாவது தடவையாகக் கழுவுகிறேன், மாப்பைப் பிழிந்தால் தண்ணீர் இன்னும் மஞ்சளாகத்தான் வருகிறது. அமுலு போனில் எடுத்த எடுப்பில் சொன்னது இரண்டு விஷயம். "டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க, ரெண்டு மணி பஸ்ஸுல ஏர்றன். வூட்ட கழுவி வையி, மூணு வாரமா நீ தொடப்பத்தத் தொட்டிருக்க மாட்ட." குரல் தெளிவாக இருந்தது. சொறிந்துகொண்டே பேசுகிறவளின் குரல் எனக்குத் தெரியும், நடுநடுவே மூச்சைப் பிடித்துக்கொள்வாள், இன்று அது இல்லை, கல்யாணமான புதிதில் பேசிய மாதிரிப் பேசினாள். "கால் எப்பிடி ஆயிட்சுன்னு வந்து காட்டறன் பாரு" என்றாள். நல்லாயிட்டுதா என்று கேட்டேன். "சுத்தமா நல்லாயிட்சு" என்றாள். பெண்டாட்டிக்குக் குணமானதைக் கேட்டுப் பயப்படுகிற புருஷன் இந்த ஊரிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பஸ் ஒன்றரை மணி நேரம், ஸ்டாப்பிலிருந்து ஆட்டோ பத்து நிமிஷம், அதற்குள் தரையைத் தரையாக்க வேண்டும். அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் பிடித்துத் துடைத்தால் மறுபடி அதே மஞ்சள், குறையவே இல்லை, வீட்டுக்கு அடியில் யாரோ உட்கார்ந்து கரைத்துக் கரைத்து மேலே அனுப்புகிற மாதிரி. வாசற்படியைப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அமுலு மஞ்சள் அரைத்துப் பூசுவாள், அதனால்தான் படி மஞ்சளாக இருக்கிறது என்று அவளும் நினைத்தாள், வந்து போனவர்களும் நினைத்தார்கள். சுவரோரம் மஞ்சள் ஏறினபோதுகூடப் படி கழுவின தண்ணீர் ஊறிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று வெள்ளிக்கிழமை ஆயிற்று. யாரும் பூசவில்லை. படி போன மாதத்தைவிடப் பளிச்சென்று இருக்கிறது.

ஐந்து வருஷமாகிறது இது ஆரம்பித்து. முதலில் கால் விரல் இடுக்கில், சேற்றுப்புண் என்றார்கள், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டாள். பிறகு உள்ளங்கால், குதிகால், கணுக்கால், பிறகு கைவிரல்கள், தோல் தடித்து வெடித்து நீர் கசியும், காய்ந்தால் செதில் செதிலாக உரியும், உரிந்த இடம் அரிக்கும். படுக்கும்போது பாதத்துக்குப் பழைய சேலைத் துணியைச் சுற்றிக்கொள்வாள். புறங்காலில் இரண்டு இடத்தில் சின்னக் குழி விழுந்தது, உருண்டையாக, ஆணியை வைத்து அழுத்தி எடுத்த மாதிரி, ஓரமெல்லாம் வெட்டியெடுத்ததுபோல இருக்கும், வலிக்கவே வலிக்காது. வலிக்காததுதான் எனக்குப் பயம். வலித்தால் புண் என்று சொல்லிக்கொள்ளலாம், வலிக்காமல் உள்ளே போகிறதற்கு என்ன பேர் சொல்லுவது. ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும், வீட்டுக்கு வருவாள், மூன்றாம் நாள் காலையில் குதிகாலைத் தரையில் தேய்க்க ஆரம்பிப்பாள், அந்தச் சர்சர் சத்தம் கேட்டுத்தான் நான் விழிப்பேன். நாலு தடவை போய் வந்தாகிவிட்டது. தெருவில் பேசிக்கொண்டார்கள், வெளியே போனால் ஆறுது, உள்ளே வந்தால் வருது, அந்த வூட்டுல இன்னாவோ கீது என்று. அவர்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும், சரியாகத்தான் சொன்னார்கள். எலுமிச்சம்பழம் உருட்டிப் பார்க்கிறவனை நானே பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன். அவன் மூலை மூலையாகப் பழத்தை உருட்டினான், வடக்கு மூலையில் பழம் நின்றது, "இங்க ஒண்ணு பொதைச்சு வச்சிருக்குது" என்றான். அமுலு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அவனைத் திட்டி அனுப்பியிருக்க வேண்டும், அல்லது ஆமாம் என்றிருக்க வேண்டும். சாமிக்கு நேர்ந்துகொள்ளலாம் என்று சொன்னேன்.

யாரது விசிலடிக்கிறது. யாருமில்லை, என் மூக்குதான். குனிந்து துடைக்கும்போது மூச்சு வாங்கினால் இப்படி மெலிசாக ஒரு சத்தம் வரும், பல வருஷமாக வருகிறது, வீடு நிறைய ஆள் இருந்தால் கேட்காது, தனியாக இருந்தால் பக்கத்து அறையில் யாரோ நிற்கிற மாதிரிக் கேட்கும். மூச்சைப் பிடித்துப் பார்க்கிறேன், நின்றுவிட்டது, விட்டால் மறுபடி. ஆஸ்பத்திரியில் அமுலுவைப் பார்க்கிற அந்தச் சின்ன டாக்டரம்மா இதைக் கவனித்திருப்பாளோ. போன தடவை அமுலுவின் முதுகில் வரிசையாகப் பட்டை ஒட்டினாள், ஒவ்வொரு பட்டையிலும் ஒவ்வொரு மருந்து, இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது, எது ஒத்துக்கொள்ளவில்லையோ அது மட்டும் தடிக்குமாம். இருபது இடமும் சாதாரணமாக இருந்தது, ஒரே ஒரு கட்டம் மட்டும் காசு அளவுக்குச் சிவந்து கொப்புளித்து நின்றது. டாக்டரம்மா நோட்டைப் பார்த்துவிட்டு, "குரோமியம்னு ஒரு உலோகம்மா, அதுதான் சேரல. சிமெண்ட் வேலை செய்றீங்களா? தோல் பதனிடற ஷாப்பு? பக்கத்துல பழைய கம்பெனி ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். அமுலு இல்லை இல்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தாள், பாவம், சோப்பை மாற்றியிருந்தாள், கவரிங் வளையலைக் கழற்றியிருந்தாள், தாலிக்கயிற்றில் மாட்டிய ஊக்கைக்கூட எடுத்துவிட்டிருந்தாள், ஆசையாகப் பூசுகிற மஞ்சளை முகத்தில் படாமல் படிக்கு மட்டும் வைத்திருந்தாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன வேலைங்கய்யா?" டிரைவர் என்றேன். "என்ன ஓட்டுவீங்க?" டிப்பர் என்றேன். அதில் என்ன ஏற்றுவீர்கள் என்று அடுத்த கேள்வி வரும் என்று நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு, வெட்கமாக இருக்கிறது இதைச் சொல்ல, அப்பாடா என்றுதான் இருந்தது.

குரோமியம் என்ற வார்த்தையை நான் முதல்தடவை கேட்டது அங்கேயில்லை. கம்பெனி கேட்டில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது, எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். தோல் பதனிடுகிறவர்களுக்கு மருந்து செய்கிற கம்பெனி, நான் அங்கே நாலு வருஷம் லோடு அடித்தேன், பிறகு மூடிவிட்டார்கள், பின்பக்கம் கழிவு மண் மட்டும் மலையாகக் கிடந்தது. அந்த வருஷ மழையில் ஏரி உடைந்து எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பாத்திரம் மிதந்தது, கோழி மிதந்தது. வடிந்த பிறகு எல்லாரும் ஒரே பேச்சு, மேடாக்கிக் கட்டவேண்டும், கடைக்கால் நிரப்ப மண் வேண்டும், ஏரி மண் எடுத்தால் கேஸ். ஏகாம்பரம், நீ வண்டி ஓட்டறவன்தானே, எங்கியாவது பாரேன். பார்த்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நடுவில் ஒரு பந்த் நாளுமாக கம்பெனி மண்ணை ஓயாமல் அடித்தேன், பதினேழு வீட்டுக்கும். எங்கிருந்து என்று அமுலுகூடக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாவு மாதிரி மெத்தென்ற மண், பச்சையும் மஞ்சளுமாக, நன்றாக இறுகும், தண்ணீர் ஊற்றி மிதித்தால் கல்லாகும். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு மிதித்தார்கள், அமுலுதான் முன்னால் நின்று பாட்டுப் பாடி மிதித்தாள். எனக்கு மாலை போட்டார்கள். இப்போதும் எந்த வீட்டு விசேஷமானாலும் முதல் பந்தியில் எனக்கு இடம் உண்டு. இதைச் சொல்லும்போதே சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பார், இந்த மனசை என்ன செய்வது.

கம்பெனி வாட்ச்மேன் காதர் பாய் என்ன சொன்னார். இதுதான் சிக்குகிறது, எப்போதும் இந்த இடத்தில்தான் சிக்குகிறது. கேட்டைத் திறந்துவிட்டு, "எங்கப்பா கொண்டுபோற?" என்றார். வீட்டுக் கடைக்காலுக்கு என்றேன். "வூட்டுக்கா? பாத்துப்பா" என்றார். இல்லை, அப்படிச் சொல்லவில்லை. "வூட்டுக்கா? வேணாம்பா" என்றார். வேணாம் என்று சொல்லியிருந்தால் நான் ஏன் ஏற்றப்போகிறேன், அவர் சொல்லியிருக்க மாட்டார். வாயைத் திறந்தார், அது நினைவிருக்கிறது. பிறகு துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி வலது மூக்கில் விட்டு இடது மூக்கு வழியாக எடுத்துக் காட்டினார். உள்ளே நடுச்சுவர் இல்லை அவருக்கு. கம்பெனி ஆட்கள் பாதிப்பேருக்கு இல்லை, டீக்கடையில் வித்தை மாதிரிச் செய்து காட்டுவார்கள், புதுசாக வருகிறவன் வாயைப் பிளப்பான், நாங்கள் சிரிப்போம். அன்றைக்கும் நான் சிரித்தேன். அவர் சிரித்தாரா. சிரிக்காமல் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற முகம் ஒன்று கண் முன்னால் வருகிறது, அது அன்றைய முகமா, பிறகு நான் சேர்த்துக்கொண்ட முகமா, தெரியவில்லை. அவர் செத்துப்போய்விட்டார், கேட்கவும் வழியில்லை. குச்சியைக் காட்டினது சொன்னதாகுமா, ஆகாதா. ஒரு நாள் ஆகும் என்று படுகிறது, ஒரு நாள் ஆகாது என்று படுகிறது. ஆகாது என்று படுகிற நாளில் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

மணி மூன்று. அமுலு பாதி தூரத்துக்கு மேல் வந்திருப்பாள், ஜன்னலோர சீட்டு கிடைத்திருந்தால் காலைத் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே வருவாள். சுவரில் உப்பு பூத்திருக்கிறது, நேற்றுச் சாயங்காலம்தான் கரண்டியால் சுரண்டினேன், இதோ மறுபடி, மஞ்சள் ரோமம் மாதிரி மெல்லிசாக, முழங்கால் உயரத்துக்கு. போன வருஷம் கணுக்கால் உயரம்தான் இருந்தது. இது எவ்வளவு தூரம் ஏறும், எங்கே போய் நிற்கும், ஒரு நாள் காலையில் கண் விழித்தால் சாமி படத்துக்குப் பின்னால் வந்து நிற்குமா. நான் கயிற்றுக் கட்டிலில் படுக்கிறவன், வீட்டில் இருக்கிற நேரத்தைவிட வண்டியில் இருக்கிற நேரம் அதிகம். அவளுக்கு இடுப்பு வலி, தரையில் பாய் போட்டால்தான் தூக்கம். வடக்கு மூலையில் அவள் பாய் போட்டது போட்டபடி கிடக்கிறது, மூன்று வாரமாக நான் அதைத் தொடவில்லை, இப்போது அதையும் எடுத்துத் துடைத்தாக வேண்டும். எடுக்கிறேன். தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இழுத்தால் கோந்து பிரிகிற சத்தம். கீழே பாயின் கோரை முழுக்க அச்சாக விழுந்திருக்கிறது, மஞ்சளாக, ஒரு கோரை விடாமல், கீழே இன்னொரு பாய் விரித்த மாதிரி. ஆனால் நடுவில் இல்லை. நடுவில் தரை சுத்தமாக இருக்கிறது. நான் மூன்று தடவை தேய்த்தும் வராத சுத்தம், ஒரு சொட்டு மஞ்சள் கிடையாது. இங்கே தலை, இங்கே தோள், இங்கே இடுப்பு, முழங்கால் மடக்கின இடம், துணி சுற்றின இரண்டு பாதம். அவள் ஒருக்களித்துப் படுக்கிற அளவு, அதே திசை, முகம் சுவர்ப் பக்கம். வெயில் பட்டு அப்படித் தெரிகிறதா என்று ஜன்னலைச் சாத்திப் பார்க்கிறேன், இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பாரம் அழுத்தின இடத்தில் ஈரம் ஏறவில்லை, அவ்வளவுதான், டயருக்கு அடியில் தரை காய்ந்திருக்குமே அந்த மாதிரி, என்று சொல்லிக்கொள்கிறேன். அவள் இல்லாமல் மூன்று வாரம் ஆகிறதே, இப்போது யார் பாரம். அல்லது ஏறினதுதான், மற்ற இடத்தைப் போல இங்கேயும் ஏறினதுதான், ஏறினது இங்கே நிற்கவில்லை. அங்கிருந்து எங்கே போயிற்று என்று யோசிக்காதே ஏகாம்பரம், யோசிக்காதே.

டைல்ஸ் போட்டுவிடலாம். தரையை மறைத்துவிட்டால் கால் படாது, வெள்ளை டைல்ஸ், அவளுக்கும் ஆசை. மூலை வீட்டுத் தசரதன் போட்டான், ஆறு மாதத்தில் இடுக்கெல்லாம் மஞ்சள் கோடு, அவன் பெண்டாட்டி பிரமிளா பிரஷ் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, "ஏகாம்பரண்ணா, எங்கூட்டுலயும் மஞ்சள் ஊறுது, லட்சுமி வந்துட்டா போல" என்று சிரித்தாள். சிரித்தேன் நானும். வீட்டுக்குள் செருப்புப் போட்டுக்கொள் என்று சொல்லலாம், ஏன் என்று கேட்பாள், டாக்டர் சொன்னார் என்று சொல்லலாம், சாமி இருக்கிற வீட்டில் எந்த டாக்டர் சொன்னாலும் போடமாட்டாள். வேறு ஊருக்கு வாடகைக்குப் போய்விடலாம், வண்டி ஓட்டுகிறவனுக்கு எந்த ஊராயிருந்தால் என்ன. அவள் மட்டும் தப்பிப்பாள். மிச்சம் பதினாறு. அமுலுவுக்குச் சொன்னால் தெருவுக்குச் சொன்ன மாதிரி. மாலை போட்ட கைகள் எல்லாம் வாசலில் வந்து நிற்கும். அடித்தால்கூடப் பரவாயில்லை, அடிக்காமல் நின்று பார்ப்பார்களே. சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் காலையில் சர்சர் சத்தம். ஐந்தாவது தடவை ஆறுமா என்று டாக்டரம்மாவுக்கே சந்தேகம், மறுபடி வந்தால் குழி எலும்பு வரை போகும் என்று சொன்னாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் செத்துப்போய்விடுவாள் என்று பயம், அவளுக்குத் தெரிந்துவிடும் என்று பயம், இதில் எந்தப் பயம் பெரிசு என்று பார்த்தால், சொல்லக்கூடாது, சொல்லக்கூடாது, இரண்டும் ஒரே அளவாகத்தான் இருக்கிறது. நான் என்ன மனுஷன். தண்ணீரை ஊற்றி அந்த உருவத்தைத் தேய்க்கிறேன், சுற்றியிருக்கிற மஞ்சள் கரைந்து உள்ளே வழிகிறது, முதலில் பாதத்தில், பிறகு முழங்காலில்.

ஆட்டோ. இவ்வளவு சீக்கிரமா. மணி மூன்று முப்பத்தைந்து. ஓடிப்போய் வாசலில் நிற்கிறேன், கையில் மாப்பு. அமுலு ஒயர் கூடையோடு இறங்குகிறாள், புது ரப்பர் செருப்பு, தலையில் யாரோ பூ வைத்துவிட்டிருக்கிறார்கள். "பாருயா" என்று சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலை நீட்டுகிறாள். ரோஸ் நிறத்தில் புதுத்தோல், குழி இருந்த இடத்தில் பளபளவென்று இரண்டு புள்ளி மட்டும். இவ்வளவு அழகான கால் இவளுக்கு என்று மறந்தே போயிருந்தது. "இன்னாயா வழிய மறிச்சிகினு நிக்கற, உள்ள வுடு." இடது செருப்பைக் கழற்றிவிட்டாள். வெறுங்கால் படிக்கு மேலே வருகிறது.

"கழட்டாத அமுலு. உள்ள வராத."

"இன்னாது?"

"இந்த வூட்டுக்கு அடியில கம்பெனி மண்ணு கீது. நான்தான் அடிச்சன். டாக்டரம்மா சொன்னது அதுதான். உனக்கு வந்ததே அதனாலதான்." அவ்வளவுதான், நாலு வாக்கியம், இதற்குத்தான் இத்தனை வருஷம். அவள் கால் அந்தரத்திலேயே நின்றது. பிறகு மெதுவாக இறக்கிச் செருப்பைத் தேடி நுழைத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன்.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"முதுகுல பட்டை பிரிச்சாங்களே, அன்னிக்கே."

"அதுக்கு மின்ன?"

"தெரியும்னும் சொல்ல முடியல, தெரியாதுன்னும் சொல்ல முடியல."

"எலுமிச்சம்பழக்காரன இட்டாந்தியே, அப்ப?"

காதர் பாயின் முகம் வந்தது. இந்தத் தடவை சந்தேகமே இல்லை, அவர் சிரிக்கவில்லை. "அப்ப தெரியும்" என்றேன்.

என்னைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் அப்படி என்னை அவள் பார்த்ததில்லை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஆளைப் பார்க்கிற மாதிரி. பிறகு என்னை விட்டுத் தெருவைப் பார்த்தாள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒவ்வொரு வாசலாக. "எல்லாத்துக்குமா?"

"பதினேழுக்கும்."

மூலை வீட்டிலிருந்து பிரமிளா கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து, "அமுலுக்கா வந்துட்டியா! கால் நல்லாயிட்சா?" என்று குரல் கொடுத்தாள். அமுலு என் கையிலிருந்து மாப்பை வாங்கிக் கீழே போட்டாள். "போ. மொதல்ல அங்க போய்ச் சொல்லு. நான் இங்கியே நிக்கறன்" என்றாள்.

போனேன். முப்பது அடி இருக்கும், அதற்குள் என் மூக்கு விசிலடித்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும் என்று தோன்றியது. "வாண்ணா, உள்ள வா, இன்னாண்ணா மூஞ்சி ஒரு மாதிரி கீது" என்று பிரமிளா வழி விட்டாள். டைல்ஸ் தரையில் அவள் குழந்தை தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தது. பத்து மாதமோ என்னவோ, பெண் குழந்தை, முட்டி இரண்டிலும் செவசெவவென்று தடிப்பு. பிரமிளா அதன் முட்டியைத் தடவிவிட்டாள். "கொசு புடுங்குதுண்ணா, பாரு எப்பிடிக் கடிச்சு வச்சிருக்குதுன்னு." நான் குனிந்து குழந்தையைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டேன்.

"கொசு இல்லம்மா" என்றேன்.